பிடித்த கை

முதியோர் வார்டில், சுவர்ப் பக்கம் திரும்பி, தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார் அப்பா.

“கோபமாப்பா? பதினோரு நாளா எட்டிக்கூடப் பார்க்கலை. தப்புதான்.”

போர்வைக்குள் கைவிட்டு அவர் கையைப் பிடித்தேன். அது என் கையை இறுக்கிக்கொண்டது. விசும்பல் கேட்டது. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்து ஏதேதோ பேசினேன். மனசு லேசானது.

நர்ஸ் வந்தார். “சார், நீங்க இவருக்கு என்ன வேணும்?”

“மகன்.”

“இவருக்கு யாருமே இல்லையே!”

பக்கத்துப் படுக்கையின் திரை விலகியது. அங்கே அப்பா!

“விடும்மா, என் பையன்தான். படுக்கை மாறி உட்கார்ந்துட்டான்.”

“குரல் கேட்டுச்சுல்ல? கூப்பிட்டிருக்கலாமேப்பா!”

“வந்த நாள்லேர்ந்து அவர் வாயே திறக்கலைடா. சுவத்தையே பார்த்துக்கிட்டுக் கிடந்தார். இன்னைக்குத்தான் ஒரு கை கிடைச்சு அழறார். அதை எப்படிக் கெடுக்கிறது?”

அப்பா சிரித்தபடி கையை நீட்டினார். மர மில் ரம்பத்துக்கு இரண்டு விரல்களைப் பறிகொடுத்தும் என்னைப் படிக்கவைத்த கை.

அரை மணி நேரமாக நான் பிடித்திருந்த கையில் ஐந்து விரல்களும் இருந்தன.