வலம்புரிப் பட்டை

கோவையில், உடம்பின் சர்க்கரை அளவைக் காட்டும் பட்டை செய்யும் தொழிற்கூடத்தில் அச்சுப் பிரிவு தர்ஷினியின் பொறுப்பு. கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய அச்சுக்குள் தங்கத் துகள்கள் இடப்பக்கமாகச் சுருண்டு உட்கார வேண்டும். அப்போதுதான் மணிக்கட்டில் ஒட்டிய பட்டை, உடம்பில் சர்க்கரை ஏறியதும் பச்சையிலிருந்து சிவப்பாகும். வலப்பக்கம் சுருண்டால் அது வெறும் பச்சை ஸ்டிக்கர்தான்.

இதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை வற்றிவிட்டது. வாங்க வருகிறவர்களெல்லாம், "இடம்புரி வீட்டுக்கு ஆகாதும்மா, வலம்புரியா குடுங்க" என்றார்கள். நாங்கள் என்ன சங்கா விற்கிறோம் என்றுகூடக் கேட்டுப் பார்த்தாள். கடைசியில் முதலாளியே அச்சை மாற்றச் சொல்லிவிட்டார். பெட்டியின் அடியில் 'அழகுக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்டார். தர்ஷினி முணுமுணுத்துக்கொண்டே மாற்றினாள்.

அவ்வளவுதான், ஊரே புகழ்ந்தது. வலம்புரி ஒட்டியதிலிருந்து சர்க்கரை ஏறவே இல்லையாம்.

அன்று வீட்டுக்கு வந்தால், அவள் கணவர் கிஷோர் ஜிலேபித் தட்டோடு உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் வலம்புரி.

"யாருங்க இதை ஒட்டினது?"

"அக்கா வாங்கிட்டு வந்தா. பாரு, பச்சையாவே இருக்கு. உன் இடம்புரிதான் எப்பப் பார்த்தாலும் செவந்து என் உசிரை எடுத்துது."

"பிய்ச்சுப் போடுங்க. அது வேலை செய்யாது. செஞ்சவளே நான்தான், எனக்குத் தெரியாதா?"

"நல்லதைச் செஞ்சுட்டு நீயே குறை சொல்றியே" என்று சிரித்தபடி, கை கழுவ எழுந்து நடந்தார் கிஷோர்.

அவருடைய ஒரு செருப்பு நாற்காலியடியிலேயே கிடந்தது. அது கழன்றது மரத்துப்போன அவர் காலுக்குத் தெரியவில்லை.