ஒளிர்வு பூஜ்யம்

கணவன் முருகவேளின் காலடிச் சத்தம் கேட்டதுமே சுகந்தி லேப்டாப்பின் ஒளிர்வைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டாள். திரை முழுக்கக் கறுத்தது. கடிதத்தில் கடைசி வரிதான் பாக்கி. அதைக் கறுப்புக்குள்ளேயே தட்டினாள்.

“ஆஃப் பண்ணி வெச்சிட்டு என்ன தட்டிக்கிட்டிருக்கே?”

“தூசிங்க. கீபோர்டைத் துடைக்கிறேன்,” என்று துப்பட்டா நுனியை எடுத்தாள்.

“இருட்டுல என்ன தெரியும் உனக்கு?” என்று அக்கறையாக ஜன்னல் திரைச்சீலையை விலக்கினான். காலை வெயில் சரிந்து கறுப்பின் மேல் விழுந்தது. வெளிச்சம் செத்த திரையிலும் எழுத்து உயிரோடிருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ‘மகளிர் விடுதியில் எனக்கு ஓர் இடம்’ என்ற வரி சாம்பல் நிறத்தில் மெல்ல மேலே வந்தது. அவள் விரல் ஒளிர்வைக் குறைக்கும் விசையை அழுத்திக்கொண்டே இருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே இறங்க இடமில்லை.

முருகவேள் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தான்.