நேரில் வந்த அதிகாரி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ராக்கெட்டுக்கு வால்வு செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்ப்பது வடிவின் வேலை. புதிதாகச் செய்த வால்வுகளில் மெல்லிய விரிசல் ஓடுவதை முதலாளி சரவணக்குமாரிடம் காட்டினாள்.

"பேசாம பாஸ் போட்டு அனுப்பு" என்றார் அவர்.

அன்று வியாழக்கிழமை. மாதாமாதம் ஆய்வுக்கு வரும் அரசு அதிகாரி ஸ்ரீநாத்துக்கு அவள் ரகசியமாகப் போன் செய்தாள்.

"சார், அந்த ராக்கெட்ல மூணு பேர் போறாங்களாமே. வால்வு எல்லாத்துலயும் விரிசல் கீது சார்."

"நீங்க பேசினது யாருக்கும் தெரிய வேண்டாம். திங்கட்கிழமை நானே நேர்ல வரேன்."

அதுவரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஸ்ரீநாத் சொன்னபடியே வந்தார். வடிவுக்கு உயிர் வந்தது. ஒரு வால்வை எடுத்துக்கொண்டு அவரை நோக்கிப் போனாள்.

அதற்குள் சரவணக்குமார் அவருக்கு மாலை போட்டார்.

"எல்லாரும் வாங்கப்பா. சார் வெள்ளிக்கிழமையோட சர்க்கார் வேலையில ரிட்டயர் ஆயிட்டாரு. இன்னையிலேர்ந்து நம்ம கம்பெனி டைரக்டர்."

கைதட்டல் ஓய்ந்ததும் ஸ்ரீநாத் வடிவிடம் வந்தார். அவள் கையிலிருந்த வால்வை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"