மூன்று தரம் நின்ற ரயில்

ரயில் நின்றுவிட்டது. அதுவும் பிரதம விருந்தினரின் மூக்குக்கு நேரே.

"என்ன டீச்சர், உங்கட கோச்சி ஆனையிறவு தாண்டாதோ?" என்று அவர் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்து வைத்தார்கள்.

தாட்சாயினி டீச்சருக்கு முகம் சுண்டிப்போயிற்று. மேசைக்கு அந்தப் பக்கம் ரேடியோக் கடை யஹ்யா ஒன்றுமே நடக்காதவர் போல இருந்தார்.

"கொஞ்சம் சுணங்கும் சேர்" என்றார் யஹ்யா.

காத்திருக்க யாருக்கு நேரம்? முன்வரிசைக் கதிரைகள் காலியாகின. டீச்சர் விருந்தாளிகளை மூலிகைத் தோட்டம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த விளையாட்டு ரயில் கனடாவிலிருந்து டீச்சரின் தம்பி சுஜிதன் அனுப்பியது. துணுக்காயில் அந்தப் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகள் ஒருவரும் ரயிலைக் கண்ணால் கண்டதில்லை. தொண்ணூறில் போரால் நின்ற ரயில் இரண்டாயிரத்து நாலிலும் வந்தபாடில்லை. "கண்காட்சியிலை ஓடுற கோச்சி காட்டுறன்" என்று டீச்சர் எண்பது பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கண்காட்சியோ ஒரே ஒரு நாள்.

ரயிலோடு வந்த மின்பெட்டியை ஜெனரேற்றரில் செருகப் போன டீச்சரைத் தடுத்ததே யஹ்யாதான்.

"இது கனடாக் கரண்டுக்குச் செய்தது டீச்சர். அங்கை நூற்றுப்பத்து, இங்கை இருநூற்று முப்பது. செருகினால் கோச்சி ஓடாது, புகைதான் ஓடும்."

பள்ளிக்கூடத்து அதிபர் அப்புத்துரை உடனே தன் ட்ரக்டர் பட்டறியைத் தருகிறேன் என்றார். பெரிதாகப் போட்டால் நிற்காமல் ஓடும் என்பது அவர் கணக்கு.

"ஓடுறதுக்கு மோட்டச்சைக்கிள் பட்டறி காணும் சேர்" என்றார் யஹ்யா. "கோச்சிப் பெட்டி கவிண்டு தண்டவாளத்துக்குக் குறுக்கை விழுந்தால், ட்ரக்டர் பட்டறி வயரையே உருக்கிப்போடும். பிள்ளையள் கை வைக்கிற மேசை."

அதோடு நிற்காமல் ஒரு அம்பியர் பியூஸ் ஒன்றையும் நடுவில் போட்டார்.

"இந்த மயிர்க்கம்பியோ? தும்மினாலே அறுந்துபோம். எங்கட வீட்டை மாதிரித் தடிச்ச செப்புக்கம்பியாப் பாத்துப் போடுங்கோ" என்றார் அதிபர்.

"எரிஞ்சால் பியூஸ் எரியட்டும் சேர். எஞ்சின் எரிஞ்சால் கனடாவுக்கெல்லோ எழுதவேணும்."

டீச்சர் யஹ்யாவின் பக்கம் நின்றார். நின்றதற்கு இப்போது நல்லாய் அனுபவித்தார்.

மூலிகைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தால் ரயில் சும்மா பறந்துகொண்டிருந்தது! வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு, அடுத்து வந்த அயல்பள்ளி அதிபர்மாரைக் கதிரைகளில் இருத்தினார். அவர்கள் இருந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, ரயில் மறுபடியும் நின்றது.

மூன்றாவது தரம், அன்னதானத்துக்கு அரிசி தந்த ஊர்ப் பெரியவர்கள் வந்து இருந்தபோது. அவர்கள் எழும்பிப் போனதும் அப்புத்துரை டீச்சரைத் தனியே கூப்பிட்டார்.

"நான் அப்பவே சொன்னனான். பியூஸாலை மானம் போச்சு. இனி இந்த மனிசனைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் கூப்பிடாதேங்கோ."

கடையைப் பூட்டிவிட்டு, ஒரு சதமும் வாங்காமல் விடியத்திலிருந்து வந்திருக்கிற மனிதர் என்று நினைத்து டீச்சருக்கு ஒரு பக்கம் மனம் இளகியது. மூன்று தரமும் சபையில் தலை குனிந்ததை நினைத்தால் கோபம் கோபமாக வந்தது.

பின்னேரம் எல்லாரும் போனபின் மேசையைக் கழற்றத் தொடங்கினார்கள். டீச்சர் பியூஸைக் கையில் எடுத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி முழுசாக இருந்தது. மேலதிகமாக வாங்கிய பியூஸ் பக்கற் பிரிக்காமல் அப்படியே கிடந்தது.

"யஹ்யா நானா! ஒரு பியூஸும் போகேல்லையே!"

"போனதெண்டு நான் சொல்லேல்லையே டீச்சர்."

"அப்ப கோச்சி ஏன் நிண்டது?"

யஹ்யா மேசைக்குக் கீழே காட்டினார். பட்டறி வயர் ஒன்று அவருடைய கால் பெருவிரலுக்கு எட்டுகிற இடத்தில் கொளுவியிருந்தது.

"நான்தான் இழுத்து விட்டனான்."

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சபையிலை என்னை இப்பிடி வெக்கப்படுத்தினீங்களே! ஏன் யஹ்யா நானா?"

"பிழைதான் டீச்சர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. முன்னுக்குக் கதிரை முழுக்கப் பெரியாக்கள். உங்கட பிள்ளையள் பின்னாலை நிண்டு அவையின்ர முதுகைத்தான் பாத்துக்கொண்டு நிண்டதுகள். எழும்புங்கோ எண்டு சொல்ல நான் ஆர்? அவை போனாப்போலை கதிரையளைத் தள்ளிப்போட்டு, எண்பது பேருக்கும் ஓட்டிக் காட்டிப்போட்டன்."

டீச்சர் கையிலிருந்த பியூஸை மெதுவாக மேசையில் வைத்தார்.

யஹ்யா வயரைச் சுருட்டியபடி சொன்னார்: "பழுதாப்போன கோச்சிக்கு முன்னாலை பெரியாக்கள் இருக்கமாட்டினம் டீச்சர். பிள்ளையள்தான், எப்ப ஓடும் எண்டு பாத்துக்கொண்டு நிக்குங்கள்."