விருந்தாளி வரும் நேரம்

மேலாளர் அன்று பத்தொன்பதாவது தடவையாகச் செத்தார். ஆறிப்போன காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, இருபதாவது சாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

காட்டில் தனியாக மாட்டிக்கொண்டவன் விடியும்வரை உயிரோடு இருக்க வேண்டும். அவர்கள் செய்துகொண்டிருந்த வீடியோ கேம் அவ்வளவுதான். ஓநாய்க்கு நெருப்பு ஆகாது, முகமூடி வேட்டைக்காரர்களுக்குத் தண்ணீரைத் தாண்டத் தெரியாது. எதிரியின் குணம் தெரிந்துவிட்டால் தப்பித்துவிடலாம். விருந்தாளியின் குணம்தான் யாருக்கும் பிடிபடவில்லை.

குடிசையைத் தேடி வருகிற கறுத்த உருவம் என்பதால் அலுவலகத்தில் அதற்கு அந்தப் பெயர். கோடரியை எடுத்தால் இரண்டு மடங்காக வளர்ந்தது. தாழ்ப்பாள் போட்டால் கதவோடு உள்ளே வந்தது. ஓடினால் என்ன ஆகும் என்பதை மேலாளர் பேச விரும்பவில்லை. ஓடித்தான் பதினொரு தடவை செத்திருந்தார்.

அதை உருவாக்கிய பெண் எதிர் மேசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம், அவளுடைய முதல் எதிரி. விளையாடத் தெரியாத ஒரே ஓர் ஆளாவது ஐந்து மணிக்குள் விருந்தாளியிடமிருந்து தப்பிக்க வேண்டும், இல்லையென்றால் அதைத் தூக்கிவிடுங்கள் என்று முதலாளி சொல்லியிருந்தார். கூடவே அவளையும் என்று சொன்னதை மேலாளர் அவளிடம் சொல்லவில்லை. அவருடைய வீரம் காட்டிலும் அப்படித்தான், அலுவலகத்திலும் அப்படித்தான்.

"இதை எங்கேர்ந்தும்மா பிடிச்சே?" என்று கேட்டார்.

"தெரியல சார். உக்காந்தேன், ஒரே மூச்சுல வந்துடுச்சு. தப்பிக்க வழி இருக்கு சார். எல்லாரும் சண்டைக்கே போறீங்க."

ஏசி பழுதுபார்க்க வந்தவரை உட்காரவைத்தார்கள், மூன்று நிமிடம் தாங்கினார். வாசல் காவலாளி ஒன்றரை நிமிடம். செத்ததும் எழுந்து ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

நாலரை மணிக்கு அந்தப் பெண்ணின் அம்மா வந்து நின்றார். மகள் வீட்டுச் சாவி இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாளாம். தையல் வேலை முடிந்து போனவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருந்தார். புடவைத் தோளில் நூல் துணுக்கு ஒட்டியிருந்தது.

மேலாளருக்கு வேறு வழி இல்லை. சாவியைத் தருகிறோம், அதற்கு முன் பத்து நிமிடம் உட்காருங்கள் என்று கும்பிடாத குறையாகக் கேட்டார். தனக்குக் கைப்பேசியே சரியாக வராது என்றார் அந்த அம்மா. எந்தப் பொத்தான் நடக்க, எது எடுக்க, எது உட்கார என்று காட்டிக்கொடுத்தார்கள். பிறகு ஒலியைக் கூட்டினார்கள்.

சருகில் காலடி கேட்டது. ஒரு கால் ஊன்றியது, மற்றது இழுபட்டது. நின்றது. தொண்டையைச் செருமியது.

அந்த அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. இனி என்ன செய்ய வேண்டும் என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

கோடரியை எடுத்து, கண்ணில் படாதபடி விறகுக்குப் பின்னால் வைத்தார். தாழ்ப்பாளை நீக்கிக் கதவை ஒருக்களித்து வைத்தார். விளக்கை அணைக்கவில்லை, திரியை மட்டும் இறக்கினார். வழியில் கிடந்த முக்காலியை ஓரம் தள்ளி, தண்ணீர்க் குடத்தை வாசலருகே நகர்த்தினார். கடைசியில் மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

விருந்தாளி உள்ளே வந்தது. அறையில் எட்டுப் பேர் இருந்தும் கணினியின் விசிறிச் சத்தம் கேட்டது. முதுகுக்குப் பின்னால் அது மூச்சு விடுவதை மேலாளரால் தாங்க முடியவில்லை. கோடரியை எடுக்கச் சொல்லி அந்த அம்மாவின் காதருகே கிசுகிசுத்தார்.

"பேசாதீங்க தம்பி. பேசினா இந்தப் பக்கம் திரும்புவாரு."

பேய்க்கும் மரியாதை கொடுத்துப் பழகிய தலைமுறை என்று மேலாளர் நினைத்துக்கொண்டார். அவருக்கு மரியாதை கொடுக்க அந்த அலுவலகத்தில் பேய்கூட இல்லை.

குடம் உருளும் சத்தம். இழுபடும் கால் வெளியே போய், காட்டுக்குள் தேய்ந்தது. எல்லோரும் கைதட்டத் தயாரானார்கள். அந்த அம்மா சுவரிலிருந்து திரும்பாமலே கையை உயர்த்தித் தடுத்தார்.

"இன்னொரு தடவை வருவாரு."

வந்தது. முதல் வருகையிலேயே அத்தனை பேரும் செத்துப்போனதால், இரண்டாவது உண்டு என்பது அதை எழுதியவளைத் தவிர யாருக்கும் தெரியாது. கதவைத் தள்ளிப் பார்த்தது. வெகுநேரம் நின்றது. பிறகு வாசல்படியிலேயே சரிந்து படுத்துக்கொண்டது.

திரையில் விடிந்தது.

ஏசிக்காரர் விசிலடித்தார். மேலாளர் ஓடிப்போய் முதலாளிக்குப் போன் போட்டு, விருந்தாளியும் இருக்கும், பெண்ணும் இருப்பாள் என்று கத்தாத குறையாகச் சொன்னார். திரும்பி வந்து, எல்லோரும் செத்த இடத்தில் எப்படிம்மா கண்டுபிடித்தீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் போறப்ப உனக்கு மூணு வயசுடி. உங்கப்பா உனக்கு ஞாபகமே இருக்கமாட்டாருன்னு நெனச்சேன்."