செல்லக்கனி கையில் உப்பு

முதல் மடக்கிலேயே பெரியவர் முகத்தைச் சுளித்தார். தூக்குச்சட்டியை மேசைமேல் திரும்ப வைத்தார்.

கஞ்சி உப்புக் கரிக்கிறது என்றார்.

கரண்டியோடு நின்றவர் அண்டாவைக் குனிந்து பார்த்தார்.

பெரியவருக்குப் பின்னால் நீளமாக வரிசை. அரசு ஆஸ்பத்திரி வாசலில் காலை வரிசை. உள்ளே படுத்திருப்பவர்களுக்காக வெளியே நிற்பவர்கள். வராந்தாவில் துண்டை விரித்துத் தூங்கி எழுந்தவர்கள். கையில் தூக்குச்சட்டி, சொம்பு, ஒருவரிடம் பிளாஸ்டிக் மக்.

இந்தக் கஞ்சியை விட்டால் மத்தியானம் வரைக்கும் அவர்களுக்கு வேறு கதியில்லை.

கரண்டியோடு நின்றவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கஞ்சி ஊற்றும் இந்தக் கூட்டத்தை ஆரம்பித்தவர். விடியுமுன் அடுப்பைப் பற்றவைப்பதும் அவர்தான். கடைசியில் அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்ப்பதும் அவர்தான்.

அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. வரிசையில் நிற்பவர் வாயில் படுவதற்கு முன்னால் ஊற்றுகிறவர் வாயில் படக்கூடாது. ருசி பார்ப்பதுகூடக் கூடாது. பசித்தவர் முந்திச் சாப்பிடட்டும் என்பார்.

அதனால் உப்பெல்லாம் கைக்கணக்குதான்.

அது செல்லக்கனியின் வேலை.

போன வருஷம் இதே வரிசையில் நின்றவள். புருஷன் உள்ளே கிடந்தான். அவன் போன பிறகு, ஒருநாள் காலையில் வந்து, எனக்கும் ஏதாவது வேலை கொடுங்கள் என்று நின்றாள். அண்ணாச்சி உப்பு டப்பாவைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அவள் வராத நாள் இல்லை. உப்புப் போடும்போது அவள் உதடு அசையும். என்ன சொல்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை.

ஆனால் அவள் கை சின்னது. முதல் சில நாள் எல்லோருக்கும் ஊற்றிவிட்டுத் தாங்கள் குடித்தபோதுதான் தெரிந்தது, கஞ்சி சப்பென்று இருப்பது.

சொன்னால் மனசு கஷ்டப்படுவாள். அண்ணாச்சி சொல்லவில்லை. அவள் விறகு எடுக்கப் போகும் நேரம் பார்த்து, தாமே ஒரு பிடி அள்ளிப் போட்டுவிடுவார்.

தினமும்.

யாருக்கும் தெரியாமல் நல்லது செய்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம். கொஞ்சம் பொல்லாத சந்தோஷம்தான்.

இன்றைக்கும் போட்டார்.

அப்புறம் எப்படிக் கரிக்கும்?

துவையல் வைக்க நின்றிருந்த சண்முகையா கரண்டியைக் கீழே வைத்தார். பேங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். தப்பு நடந்தால் யார் என்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு.

“அந்தம்மா கையில உப்பக் குடுக்காதீயன்னு நான் அன்னைக்கே சொன்னேம்லா.”

எல்லோரும் செல்லக்கனியைப் பார்த்தார்கள். வரிசையும் பார்த்தது.

தப்புத்தான், கை தவறிவிட்டது என்றாள் அவள். முந்தானையில் கையைத் துடைத்தாள். உப்பு டப்பாவை எடுத்துச் சண்முகையாவிடம் கொடுத்தாள். பிறகு செருப்பைத் தேடிச் சுவரோரம் போனாள்.

அவள் இனி வரமாட்டாள். அது அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது.

கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனார். எவ்வளவு போட்டாய் என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் யாருமில்லை.

“நேத்து நீங்க போட்டதப் பாத்துட்டேன் அண்ணாச்சி. உங்களுக்கு எதுக்குத் தெனமும் செரமம்னு, இன்னைக்கு அந்தப் பிடியையும் நானே போட்டேன்.”

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவள் குரலில் குறை எதுவும் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது. அத்தனை பேர் முன்னால் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அண்ணாச்சிக்கு உடம்பெல்லாம் கூசியது.

திரும்பி வந்தார். அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, கடைசியில் நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அந்தம்மா சரியாகத்தான் போட்டிருந்தாள். அதற்கு மேலே அள்ளிப் போட்டுக் கெடுத்தது நான். இத்தனை நாளும் அவளுக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டிருந்தேன்.

சண்முகையாவுக்கு டப்பாவை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். போகப் புறப்பட்ட செல்லக்கனி சுவரோரமே நின்றுவிட்டாள்.

கரிப்பைக் குறைக்கப் பக்கத்து அடுப்பில் நொய்யரிசி ஏறியது. உப்பில்லாமல். வரிசை காத்திருந்தது. பெரியவர் மட்டும் கீழே உட்கார்ந்துகொண்டார். வெந்த நொய்யை அண்டாவில் கொட்டி, இரண்டு பேர் சேர்ந்து கிளறினார்கள்.

இப்போது சரியாக இருக்குமா?

கண்ணால் பார்த்தால் தெரியாது. கணக்கும் உதவாது.

அண்ணாச்சி ஒரு டம்ளரை எடுத்தார். கொஞ்சம் கஞ்சி ஊற்றி, ஆற்றி ஆற்றிச் சூட்டைத் தணித்தார். சுவரோரம் கொண்டுபோய்ச் செல்லக்கனியிடம் நீட்டினார்.

சட்டம் போட்டவரே நீட்டினார். கிளறிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

அவள் டம்ளரைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கினாள்.

ஒரு மடக்கு. கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்னும் அரைப் பிடி வேண்டும் என்றாள்.

அண்ணாச்சி டப்பாவைத் திறந்து அவள் கையில் கொடுத்தார். அவள் அண்டாவை நோக்கி நடந்தாள். உதடு அசைய ஆரம்பித்திருந்தது.

அடுப்பில் விறகு நிறையவே எரிந்துகொண்டிருந்தது.

இந்த முறை விறகு எடுக்க அண்ணாச்சி போனார்.