கடலுக்குப் போக ஒரு கையெழுத்து

"நடுக்கடல்ல மூணு கால்ல நிக்கிற இரும்பு மேடை! அதுல போய் வேலை செய்யணுமாம் உங்க புள்ளைக்கு. வேணாம்னு சொல்லுங்க!"

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த உர்சுலா, கோயிலுக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் பொரிந்து தள்ளினாள். சிங்கப்பூர் ஜாலான் புசார் தெருவில், மாடி வீட்டின் சன்னலோரம் உட்கார்ந்திருந்த அவள் கணவர் லாசரஸ் வாயைத் திறக்கவில்லை.

மனிதர் எப்போதும் அப்படித்தான். வெள்ளைக்காரர்கள் செம்பவாங் கப்பல் பட்டறையில் ஆள் குறைத்தபோது வேறு வேலை தேடிக்கொண்டார். என்ன வேலை என்று கேட்டால், "இரும்பு வேலை" என்பதோடு சரி. அவரைப் பற்றிப் பக்கத்து வீட்டில் பெருமையடித்துக்கொள்ள உர்சுலாவுக்கு இதுவரை ஒன்றும் கிடைத்ததில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவரை நம்பலாம். "வேண்டாம்" என்று சொல்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

மகன் இயேசுதாசன் எண்ணெய்க் கம்பெனியின் விண்ணப்பப் பாரத்தை நீட்டினான். "எனக்கு இருபது வயசுதானேப்பா, இருபத்தொண்ணு ஆகலையே. நீங்க சைன் பண்ணினாத்தான் எடுப்பாங்க. நாளைக்குக் கடைசி நாள்."

"என்ன வேலை?"

"எண்ணெய் எடுக்கக் கடலடியில துளை போடுற வேலைப்பா. குழாயை ஒண்ணோட ஒண்ணு மாட்டி உள்ள இறக்கணும். பத்தாயிரம் அடி!"

"மேடை புதுசா, பழசா?"

உர்சுலாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆரம்பித்துவிட்டார், இனி குறை கண்டுபிடிக்காமல் விட மாட்டார்!

"புத்தம் புதுசுப்பா. இங்க ஜூரோங்லதான் கட்டினாங்க."

"எப்போ கடலுக்குப் போச்சு?"

"ஜூன்ல."

"போன ஜூனா? நல்லாத் தெரியுமா?"

"அவருதான் இவ்வளவு கேக்குறாரே, அப்பவே தெரிய வேணாம்? பேசாம விட்டுரு தாசா!" என்றாள் உர்சுலா.

"அம்மா, சும்மா இருங்க லா! இந்தாங்கப்பா, ஆபீஸ்ல கொடுத்த போட்டோ."

லாசரஸ் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், மேடையின் ஒவ்வொரு காலையும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு பாரத்தை வாங்கி, மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

உர்சுலா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, இருக்கிறது ஒரே ஒரு புள்ளை! புயலடிச்சு ஒரு கால் ஒடிஞ்சா என்ன ஆகும்? ஒடியாதுன்னு உங்களுக்கு யாரு சத்தியம் பண்ணிக் கொடுத்தா?"

லாசரஸ் எழுந்து வந்து படத்தை அவள் முன் பிடித்தார். அவர் முகத்தில் இப்படியொரு களையை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"கம்பெனி வெள்ளைக்காரன் இந்த இரும்பை எக்ஸ்ரே பிடிச்சே பாத்துட்டான் உர்சுலா, ஒரு ஊசி ஓட்டை கண்டுபிடிக்க முடியல. இதோ, இந்தக் காலுக்கு அடியிலேருந்து உச்சி வரைக்கும் வெல்டிங் அடிச்சவன் நான்."